சம்பந்திக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்

என் சம்பந்தியை நான் முதலில் பார்த்தது மகளின் போனில். திரையில் அவருடைய நெற்றியும் பாதி மூக்கும்தான் தெரிந்தன. அவருக்கும் நான் அப்படித்தான் தெரிந்திருப்பேன்.

மகள் கட்டப்போகும் பையன் கொலம்பியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலை எடுத்தவன். சில வருடங்களுக்கு முன் தாயையும் கூப்பிட்டுக்கொண்டான். இருவரும் கீல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு அப்பார்ட்மென்டில் இருக்கிறார்கள். தாய்க்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். எனக்குத் தமிழும், அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்கிற தையற்கடைக்குப் போதுமான அளவு இங்கிலீஷும் தெரியும். "எவ்வளவு கட்டையாக்க வேணும், எப்ப வேணும்" என்று கேட்கத் தெரிந்தால் அந்தக் கடையில் காலம் தள்ளலாம்.

நான் இயல்பிலேயே கூச்சம் பிடித்தவள். ஆனால் அன்றைக்கு போனுக்கு முன்னால் இருந்து நிறையவே பேசினேன். சம்பந்தி என்ற முறையில் சொல்ல வேண்டியதை எல்லாம் முதல்நாளே மனதில் அடுக்கி வைத்திருந்தேன். உங்கள் மகனை எங்கள் வீட்டுப் பிள்ளையாகத்தான் பார்க்கிறோம். என் மகள் அவசரக்காரி, ஆனால் மனதில் ஒன்றும் வைத்திருக்க மாட்டாள். சமையல் வராது, அதைப் பெரிதாக எடுக்கக்கூடாது. உறவுகளை விட்டு வந்த உங்களுக்கு இந்த ஊரில் நாங்கள் இருக்கிறோம். இவ்வளவையும் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தேன். மகள் பையனுக்கு இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பையன் தாய்க்கு ஸ்பானிஷில் ஏதோ சொன்னான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"நீங்கள் ஹாய் சொன்னீங்கள் எண்டு சொன்னன்."

அதன்பின் அவர் பேசினார். கை அசைத்து, நெஞ்சைத் தொட்டு, இடையில் ஒருதரம் பெருமூச்சு விட்டுப் பேசினார். அது பையன் வழியாக, மகள் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தபோது ஒரு சொல்லாகியிருந்தது.

"அவ ஹாப்பியாம் அம்மா."

"இவ்வளவு நேரமும் கதைச்சது அதையோ?"

"பேசிக்கலி."

காற்சட்டைகளின் காலைக் கட்டையாக்குவது என் வேலை. என் பேச்சைக் கட்டையாக்குவதை மகள் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பெருமூச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. ஹாப்பியாக இருக்கிற ஒருவர் அப்படிப் பெருமூச்சு விடுவாரா? அவருக்கு என் மகளைப் பிடித்திருக்கிறதா, இல்லையா? பிடிக்காவிட்டால் அதற்கு என்ன காரணம்? ஒரே வீட்டில் இல்லாவிட்டாலும் ஒரே ஊரில் காலம் முழுக்க முகம் பார்க்கப் போகிறவர்கள். இதை மகளிடம் கேட்டால் பேசிக்கலி என்பாள். பையனிடம் கேட்க எனக்கு வாய் வராது. அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு அவருடைய மொழி வேண்டும்.

வீட்டிற்குப் பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமை காலையில் ஸ்பானிஷ் வகுப்பு இலவசம் என்று கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது. மகளுக்குச் சொல்லவில்லை. கணவர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ட்ரக் ஓட்டுகிறவர். அவருக்கு போனில் மட்டும் சொன்னேன்.

"உமக்கு என்னோடை கதைக்கவே சொல்லுப் பத்தாது. இதுக்குள்ளை ஸ்பானிஷோ?" என்றார்.

"உங்களோடை கதைக்கத்தான் ஒண்டுமில்லை" என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரித்தது லொறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

வகுப்பு எடுத்தது ஒரு மெக்சிக்கோப் பெண். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூப்பாக இருப்பாள். கியூபாவுக்கு விடுமுறை போகிற ஆட்கள் முன் வரிசையில் இருந்தார்கள். நான் பின் வரிசையில், ஒரு சீனக் கிழவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். என்னிடம் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் வகுப்பில் அவள் பாடமே நடத்தவில்லை. ஸ்பானிஷ் எங்கிருந்து வந்தது என்று கதையாகச் சொன்னாள். ரோமாபுரிச் சிப்பாய்களும் வியாபாரிகளும் கொண்டுபோன லத்தீன்தான் தாய் என்றாள். அதுவும் படித்தவர்கள் புத்தகத்தில் எழுதிய லத்தீன் இல்லை. சந்தையிலும் முகாமிலும் கதைத்த லத்தீன். கொச்சையாகப் பேசினார்கள், சொல்லின் வாலை விழுங்கினார்கள், விழுங்கினது போக மிஞ்சியதுதான் இன்றைக்கு இத்தனை நாடுகளின் மொழி என்றாள். எனக்கு உடனே அவளைப் பிடித்துப்போயிற்று. ஓ.எல்.லோடு படிப்பை நிறுத்தியவள் நான். படித்தவர்கள் இல்லாமல் ஒரு மொழி உண்டானதென்று ஒரு ஆசிரியை சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பிறகு அராபியர்கள் பல நூறு வருடங்கள் அந்த நாட்டில் இருந்தார்கள், போகும்போது சொற்களை விட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்லி, பலகையில் மூன்று படம் கீறினாள். சீனி, ஆரஞ்சுத் தோடம்பழம், சோறு. சீனிக்கு அசூக்கார் என்றாள். அது அராபியருக்குப் பாரசீகத்திலிருந்தும், பாரசீகத்துக்கு இந்தியாவிலிருந்தும் போனதாம். என் வாய் என்னைக் கேளாமலே "சர்க்கரை" என்று முணுமுணுத்தது. தோடம்பழத்துக்கு நராங்ஹா என்றாள். "நாரத்தை" என்று மறுபடி முணுமுணுத்தேன். சோற்றுக்கு அரோஸ் என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் கையைத் தூக்கினார். "இந்த அம்மாவுக்கு ஏதோ தெரியும்" என்று என்னைக் காட்டிவிட்டார்.

முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. முகம் சூடாகிவிட்டது. மெதுவாக, "அரிசி" என்றேன். எங்கள் மொழியில் சமைக்க முதல் அதன் பேர் அரிசி என்றேன். ஆசிரியை கையில் எழுதுகோலோடு அப்படியே நின்றாள். அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு, இல்லையென்கிறவர்களும் உண்டு, அறிஞர்கள் அதற்காக இன்னும் சண்டை பிடிக்கிறார்கள் என்றாள். பிடிக்கட்டும். நான் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுச் சாமான்கள். இங்கேதான் எனக்குத் தலைகால் புரியாமல் போனது. மேசையைக் காட்டி மேசா என்றாள். பேக்கரிப் பாணைக் காட்டி பான் என்றாள். காலில் போட்ட சப்பாத்தைக் காட்டி சப்பாத்தோ, துடைக்கிற துவாயைக் காட்டி தொவாயா, சமைக்கிற குசினியின் படத்தைக் காட்டி கொசீனா. அலுமாரிக்கு அர்மாரியோ. முன் வரிசைக்காரர்கள் ஒவ்வொரு சொல்லோடும் மல்லுக்கட்டினார்கள். அவர்களுடைய 'த' பல்லில் படவே இல்லை, அண்ணத்தில் போய் முட்டியது. ஸ்பானிஷ் 'த' எங்களுடைய 'த'தான், தம்பியில் வருகிற 'த'. மஞானா என்றால் நாளை. அதில் வருகிற எழுத்துக்கு மேல் ஒரு நெளி கோடு போட்டு, இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எச்சரித்தாள். எனக்கு என்ன கஷ்டம்? ஞாயிற்றுக்கிழமை என்னும்போது தவறாமல் சொல்கிற 'ஞ'.

பிள்ளையாய்ப் பழகிய மொழியின் பாதியை யாரோ ஒளித்து வைத்திருந்து இப்போதுதான் எடுத்துத் தருகிறார்கள் என்பதுபோல் இருந்தது. கூச்சத்தை மறந்து கையைத் தூக்கினேன். அவள் கேட்காமலே நான் உட்கார்ந்திருந்த கதிரையைக் காட்டி, "கதேரா" என்றேன். சப்பாத்து சப்பாத்தோ என்றால் கதிரை கதேராதானே.

ஆசிரியை ஒரு கணம் விழித்தாள். பிறகு தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். கதேரா என்றால் இடுப்பாம். கதிரைக்கு சீயா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொது இடத்தில் நான் பிழை விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஆனால் அவள் என்னை விடவில்லை. எந்த ஊர் என்று கேட்டாள். யாழ்ப்பாணம் என்றேன். அங்கே போர்த்துக்கீசர் வந்தார்களா என்று கேட்டாள். வந்தார்கள், பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் கோட்டையோடும் சண்டையோடும் படித்திருக்கிறேன். அவளுக்கு விளங்கிவிட்டது. போர்த்துக்கீசும் ஸ்பானிஷும் ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு சகோதரிகள், நீ தங்கையிடம் வாங்கிய சாமான்களை அக்காவிடம் கொண்டுவந்து காட்டுகிறாய் என்றாள். கதிரை என்ற சொல்லுக்கும் இடுப்பு என்ற சொல்லுக்கும் தாய் ஒன்றுதான், உட்காருகிற சாமான் ஒரு வீட்டில் நின்றுவிட்டது, உட்கார உதவுகிற உறுப்பு மற்ற வீட்டுக்குப் போய்விட்டது என்றாள். சரித்திரப் புத்தகத்தில் கோட்டை இடிந்த கதை இருந்தது. அலுமாரியும் துவாயும் அவர்கள் விட்டுப்போன சொற்கள் என்று ஒருவரும் எழுதவில்லை.

வகுப்பு முடிந்து தனியாகப் போய், களிசானைப் பற்றியும் கேட்டேன். ஊரில் காற்சட்டையை அப்படியும் சொல்வோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் கல்சோன் என்றால் பெண்களின் உள்ளுடுப்பு, தயவுசெய்து சம்பந்தி வீட்டில் சொல்லிவிடாதே என்றாள்.

சம்பந்தி என்று நான்தான் இப்போது எழுதுகிறேன். அவளிடம் அன்றைக்கு நான் இங்கிலீஷில், மகளைக் கட்டப்போகிற பையனின் தாய் என்று நீட்டி முழக்கித்தான் சொன்னேன். இங்கிலீஷில் அந்த உறவுக்குப் பேர் கிடையாது. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்து, அது ஏன் இல்லை என்று யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். மகள் வாயில் அவர் எப்போதும் "அவன்ரை மம்". அந்த மம்முக்கு நான் யார்? ஒன்றுமில்லை, "அவளின்ரை மம்". இரண்டு மம்கள் எதிரெதிரே நிற்கிறார்கள், நடுவில் ஒரு சொல் இல்லை.

ஆசிரியை சாதாரணமாகச் சொன்னாள்: "கொன்சுவேக்ரா."

திருப்பிச் சொல்லச் சொன்னேன். சுவேக்ரா என்றால் மாமியார். கொன் என்றால் கூட. கூட மாமியாராக இருப்பவள். கொன்சுவேக்ரா. சம்பந்தி.

நூலகத்து வாசலில் நின்றுகொண்டு அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்து உருட்டினேன். எனக்கும் அவருக்கும் உட்கார ஒரு இடம் அந்த மொழியில் ஏற்கனவே போட்டிருக்கிறார்கள். சம்பந்தம் பேசி, கலியாணத்தில் இரண்டு வீடு கூடி, இரண்டு தாய்களும் ஒருவரை ஒருவர் எடைபோட்டுப் பார்க்கிற வழக்கம் உள்ள சனத்துக்குத்தான் இப்படி ஒரு சொல் தேவைப்படும். அவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

இன்னும் சில வகுப்புகள் போனேன். ஸ்பானிஷும் ஒன்றில்லை என்று அங்கேதான் தெரிந்தது. ஸ்பெயினில் பஸ் பிடிப்பதற்குச் சொல்கிற சொல்லை மெக்சிக்கோவில் பெரியவர்கள் முன்னால் எடுக்க முடியாதாம். இதெல்லாம் எங்களுக்குப் புதிதா? நாங்கள் 'பேசினான்' என்றால் ஏசினான் என்று அர்த்தம். தமிழ்நாட்டு ஆட்கள் அதைக் கேட்டுவிட்டு, பேசினால் நல்லதுதானே என்கிறார்கள். ஆர்ஜென்டீனாவில் அன்னாசியை அனானா என்பார்களாம், மற்ற நாட்டுக்காரருக்கு அது பீஞா. ஒரு கொலம்பியரோடு கதைக்கும்போது மெக்சிக்கோக்காரி நானே சிலவேளை முழிப்பேன் என்று ஆசிரியை சிரித்துக்கொண்டு சொன்னாள். அதை நான் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை. 'நீ' என்பதற்கு அவர்கள் தூ என்கிறார்கள். ஒருவரைப் பார்த்து தூ என்பதா? 'நீங்கள்' என்பதற்கு உஸ்தே. எனக்கு உஸ்தே போதும் என்று வைத்துக்கொண்டேன். கேட்க வேண்டிய கேள்வியையும் அதிலேயே தயார் பண்ணினேன். "உஸ்தே எஸ்தா கொந்தெந்தா?" நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா? தையல் மெஷினின் சத்தத்துக்குள் அதை எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனோம். கோயிலுக்குப் போய் வந்து விபூதியோடும், ஒரு டப்பா பயத்தம் பணியாரத்தோடும் காரில் ஏறினேன். மகள் வழி முழுக்கப் புத்தி சொன்னாள்.

"அம்மா, ஜஸ்ட் ஸ்மைல் பண்ணுங்கோ. மிச்சத்தை நாங்கள் பார்க்கிறம்."

"ஓம்" என்றேன்.

பையன் கீழே வந்து என்னை மேலே கூட்டிப்போய்க் கதவைத் திறந்து விட்டான். விசிட்டர் பார்க்கிங்கில் காசு போடுகிற மெஷின் மக்கர் பண்ணும் என்று மகளுக்கு உதவ மறுபடி கீழே ஓடினான். நாங்கள் இரண்டு பேரும் தனியாக. நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்திருக்கிறது. முழு மனுஷியாக அவரை அப்போதுதான் பார்த்தேன். என் உயரம்தான். தலைமயிருக்கு என்னைப் போலவே மை பூசி, வேர்ப்பக்கம் வெள்ளை தெரிந்தது.

"சீகா, சீகா" என்றார்.

வகுப்பில் வழி கேட்கிற பாடத்தில் வந்த சொல் அது. சீகா என்றால் நேரே போங்கள். எனக்கு முன்னால் ஒரு நடை இருந்தது. நான் நேரே போனேன். போய் ஒரு படுக்கையறை வாசலில் நின்றேன். அவர் பின்னாலேயே வந்து, முழங்கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தார். அவர்கள் ஊரில் உள்ளே வாங்கோ என்பதற்கும் சீகாதான் என்று பிறகு தெரிந்தது.

இருக்கச் சொன்னார். இருந்தேன். இது சீயா, கதேரா இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கேள்வியை வாயின் நுனிக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தின்தோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டுக்கடைப் பாடத்தில் தின்தோ என்றால் சிவப்பு வைன். வெயில் ஏறாத ஞாயிற்றுக்கிழமைக் காலை. நெற்றியில் விபூதி. "நோ, நோ, கிராசியாஸ்" என்றேன். அவர் விடவில்லை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் கிட்டக் கொண்டுவந்து, கொஞ்சமாக என்று காட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் நெஞ்சில் கையை வைத்து, தன் கையால் செய்தது என்று காட்டினார். கடவுளே, வீட்டிலேயே காய்ச்சுகிறாரா? இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

அவருடைய முகம் விழுந்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே இருந்தார். என் கேள்வி போன இடம் தெரியவில்லை. குடிக்கிற வீட்டிலா பெண்ணைக் கொடுக்கப் போகிறோம் என்று ஒரு பக்கம் மனம் அடித்தது. இவர் நல்ல மனுஷியாகத் தெரிகிறாரே என்று மறுபக்கம்.

பிள்ளைகள் வந்தார்கள். பிறகென்ன, எல்லாம் கட்டையாகத்தான் போய் வந்தது. பணியாரம் நல்லாயிருக்காம். அப்பா சுகமோவாம். மகள் போனில் பாடம் கேட்டுப் பழகிய கொஞ்ச ஸ்பானிஷில், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கலகலவென்று கேட்டாள். அவர் மரியாதையாக, குறைத்துப் பதில் சொன்னார். அந்தப் பெருமூச்சு மறுபடி வந்தது. கேட்காமலே திரும்பப் போகிறேன்.

எழும்பினோம். வாசலில் நின்று விடைபெற வேண்டும். எங்கள் வாயில் 'போறன்' வராது. செத்த வீட்டில் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் 'போட்டு வாறன்'தான், 'அப்ப வாறன்'தான். ஒரு வார்த்தையாவது என் வாயால் அவருக்குச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று யோசித்தேன். யா என்றால் இப்போது. பெங்கோ என்றால் வாறன். அவருடைய கையைப் பிடித்தேன்.

"யா பெங்கோ" என்றேன்.

அவருடைய முகம் சட்டென்று விரிந்தது. வேகமாக ஏதோ சொன்னார். என் கையை இரண்டு தரம் அழுத்தினார். நாங்கள் லிஃப்ட்டில் ஏறும்வரை கதவைச் சாத்தவில்லை.

காரில் ஏறியதும் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஹோல்ட் ஆன். நீங்கள் இப்ப ஸ்பானிஷோ கதைச்சனீங்கள்? எங்கை படிச்சனீங்கள்?"

"லைப்ரரியில."

"சனிக்கிழமை பேப்பர் வாசிக்கப் போறன் எண்டு சொன்னீங்கள்."

"பேப்பரும் வாசிச்சனான்."

அவள் சிரித்துக்கொண்டு கீல் ஸ்ட்ரீட்டில் இரண்டு சிக்னல் தாண்டியிருப்பாள். பையன் போன் பண்ணினான். அவள் இங்கிலீஷில் ஆமாம் இல்லை என்று கேட்டுவிட்டு, வண்டியை ஓரமாக்கி ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"அம்மா, அவ இன்னும் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்கிறாவாம். அவளின்ரை அம்மா எங்கை எண்டு கேக்கிறாவாம். நீங்கள் உடனை திரும்பி வாறன் எண்டு சொல்லிட்டு வந்திருக்கிறியள்."

"நான் போட்டு வாறன் எண்டுதானே சொன்னனான்."

"கொலம்பியாவில யா பெங்கோ எண்டால், இந்தா, ஒரு நிமிசத்தில வாறன் எண்டு அர்த்தமாம். நான் மிஸ்டேக் எண்டு சொல்லிவிடுறன்."

"சொல்லாதை. காரைத் திருப்பு."

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?"

"வாறன் எண்டு சொன்னால் வரத்தானே வேணும். திருப்பு பிள்ளை."

"அப்ப நானும் மேலை வாறன்."

"வேண்டாம். நீ கீழை நில். அவனையும் கீழை வரச்சொல்லு."

என் வாயிலிருந்து அப்படி ஒரு உத்தரவு வந்ததை அவள் கேட்டதில்லை. காரைத் திருப்பினாள். லிஃப்ட்டில் நான் தனியாக, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்குக் கோட்டில் நிற்கிற பிள்ளையைப்போல் கதவு திறக்கக் காத்து நின்றேன்.

கதவு திறந்துதான் இருந்தது. "சீகா" என்றார். இந்தத் தடவை சரியான பக்கம் திரும்பி உள்ளே போனேன். அடுப்பிலிருந்து ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி, என் முன்னால் வைத்தார். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. வைத்துவிட்டு, கொஞ்சம் ரோஷத்தோடு, "தின்தோ" என்றார்.

குனிந்து பார்த்தேன். கறுப்பாக இருந்தது. ஆவி பறந்தது. வாசம் மூக்கில் ஏறியது. பால் விடாத கோப்பி.

வெறும் கோப்பி. அவர்கள் ஊரில் விருந்தாளி வந்ததும் கொடுக்கிற கோப்பிக்குப் பேர் தின்தோ. சாயம் ஏறியது என்பதுதான் அந்தப் பழைய லத்தீன் சொல்லின் பொருள், ஒரு நாட்டில் அதை வைன் எடுத்துக்கொண்டது, இன்னொரு நாட்டில் கோப்பி எடுத்துக்கொண்டது என்று அடுத்த சனிக்கிழமை ஆசிரியை சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. வந்த வீட்டில் முதல் கோப்பியையே மூன்று தடவை மறுத்து, கும்பிடும் போட்டிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு சம்பந்தி தேத்தண்ணியை இப்படித் தள்ளியிருந்தால் சம்பந்தமே முறிந்திருக்கும்.

எப்படி விளக்குவது? கோப்பையைக் காட்டி, "மெக்சிக்கோ... பினோ" என்றேன். பினோ என்றால் வைன். எழும்பி நின்று, வெறியில் தள்ளாடுகிற ஆளைப்போல் இரண்டு அடி வைத்துக் காட்டினேன். கூச்சம் பிடித்தவள் செய்த வேலை. அவர் முதலில் முழித்தார். பிறகு விளங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். தன்னைக் காட்டி, போத்தலைச் சாய்ப்பதுபோல் காட்டி, "யோ?" என்று கேட்டார். ஓம், நீங்கள்தான் என்று தலையை ஆட்டினேன். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் கோப்பியைக் குடித்தேன். சீனி தூக்கலாக, சூடாக, நல்ல கோப்பி.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்.

"கொன்சுவேக்ரா" என்று முதலில் கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல்லை அவர் என்னிடமிருந்து எதிர்பார்க்கவில்லை. "உஸ்தே எஸ்தா கொந்தெந்தா?"

"சீ" என்றார், ஓம் என்று. பிறகு "பெரோ" என்றார். ஆனால் என்று அர்த்தம். எனக்கு அந்த 'ஆனால்'தான் வேண்டும்.

அவர் யோசித்து, எனக்காகச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். உங்கள் மகள் நல்லவள். அழகானவள். என் மகனுக்கு நல்லவள். பெரோ. விரலால் கீழே, கார் நிற்கிற பக்கத்தைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைக் காட்டினார். "தூ" என்றார். "தூ, தூ, தூ." என் மகன் எனக்கு உஸ்தே. நான் என் அம்மாவுக்கு உஸ்தே. என் அம்மா எனக்கும் உஸ்தே. உங்கள் மகள் என் பேரைச் சொல்லி, தூ.

எனக்கு ஒரு சொல்லும் மிச்சமில்லாமல் விளங்கியது. ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்து, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ எப்பிடி இருக்கிறாய், என்ன சமைச்சனீ" என்று கேட்டால் நான் என்ன பெருமூச்சு விட்டிருப்பேன்? அந்தப் பெருமூச்சுத்தான் இது. என் மகளைப் பிடிக்காமல் இல்லை. அவளுடைய வாயில் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

போனை எடுத்துக் காட்டினேன். "ப்ரோபெசோரா" என்றேன். அவளுடைய வாத்தியார் இதுதான். "தெலேபோனோ மாலோ." கூடாத போன். அவர் மறுபடி சிரித்தார், ஆனால் கண் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் என்னை என்னவென்று கூப்பிடுவாள் என்று அது கேட்டது.

"எங்கடை பாஷையில" என்று தமிழிலேயே தொடங்கிவிட்டேன். பிறகு நிதானித்து, "சுவேக்ரா" என்று அவரைக் காட்டினேன். "தமிழ்... மாமி."

"மாமி?"

"மாமி" என்றேன்.

அவர் அசையவில்லை. "எயா? ஆ மீ? மாமி?" என்று கேட்டார். அவளா, என்னையா, மாமி என்றா?

"ஓம்" என்றேன். சீ என்று சொல்ல மறந்துவிட்டது. தலையை ஆட்டியது விளங்கியிருக்கும். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. குடும்பப் பாடத்தில் படித்திருந்தேன். ஸ்பானிஷில் பிள்ளைகள் தாயைக் கூப்பிடுகிற சொல் மாமி. எங்களுடைய அம்மா. நான் மாமியார் என்று சொன்னதை அவர் அம்மா என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். திருத்துவதற்கு வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். எடுத்த வாயால் மிச்சக் கோப்பியைக் குடித்தேன்.

கதவைத் தட்டுவது கேட்டது. கீழே நிற்கப் பொறுமையில்லாமல் மகளும் பையனும் ஏறி வந்துவிட்டார்கள். மகள் எங்கள் இருவரின் ஈரக் கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, என்ன நடந்தது? எவ்ரிதிங் ஓகே?"

"இஞ்சை வா பிள்ளை. இனி அவவைப் பேர் சொல்லிக் கூப்பிடாதை. தூ எண்டும் கதையாதை. உஸ்தே எண்டு கதை. மாமி எண்டு கூப்பிடு."

"மாமியோ? இப்பவோ?"

"முறை அதுதானே. கூப்பிடு."

பையன் ஒன்றும் விளங்காமல் நின்றான். மகள் தோளைக் குலுக்கினாள். பிறகு என்னவோ, என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். அவருக்கு முன்னால் போய் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி, "மாமி" என்றாள்.

அவர் அவளுடைய கன்னத்தைத் தொட்டார். திரும்பிக் குசினிக்குள் போய் அலுமாரியைத் திறந்து இன்னும் இரண்டு கோப்பைகளை எடுத்தார்.

மகள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, காதுக்குள் கேட்டாள்.

"அம்மா, ஸ்பானிஷில மாமி எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்" என்றேன். "கோப்பியைக் குடி."